மறுப்பவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர்

தடுப்பூசி வரலாறு தரும் படிப்பினை



ஆண்டறிக்கையுடன் வெளிவரும் இம்மலரில் வரலாற்றுக் கட்டுரை ஒன்று இடம்பெறுவது வழக்கம். இவ்வாண்டு நிர்வாகக் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டபோது, நெடுநாட்களாக என் உள்ளத்தை உறுத்திக் கொண்டிருக்கும் ஒரு விஷயத்தையே எழுதுவதென முடிவு செய்தேன். தடுப்பூசியை ஏற்றவர்கள் யார், மறுத்தவர்கள் யார், மறுத்ததன் விளைவைச் சுமந்தவர்கள் யார் என்பதே இக்கட்டுரையின் பொருள். பிறருடைய தவறுகளைப் பேசுவதற்கு முன் என் தவறை ஒப்புக்கொண்டு விடுவதே முறை. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2017 பிப்ரவரி

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் தமிழகத்தில் தட்டம்மை, ருபெல்லா ஆகிய இரு நோய்களுக்கான தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுக்குட்பட்ட சிறார் வரை சுமார் 1 கோடியே 76 இலட்சம் பேருக்கு ஊசி போடுவது அரசின் இலக்கு. ஊசி போடத் தொடங்கும் முன்பே வாட்ஸ்அப் வழியாக வதந்திகள் பரவத் தொடங்கிவிட்டன. இந்த ஊசி பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் என்றும், வெளிநாட்டினர் நம் பிள்ளைகளைச் சோதனைப் பொருளாக்குகின்றனர் என்றும் ஒலிப்பதிவுகள் கைபேசிக்குக் கைபேசி தாவின. எல்லாச் சமயத்துப் பெற்றோரும் அஞ்சினர். எதிர்பார்த்த எண்ணிக்கையில் பிள்ளைகள் வராததால் இயக்கம் மார்ச் மாதம் வரை நீட்டிக்கப்பட்டது.

அந்நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்தபின் நம் சகோதரர் ஒருவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சீட்டையும் தம் கைபேசியையும் என்னிடம் நீட்டினார். "ஹஜ்ரத், இந்த ஊசியைப் போடலாமா, வேண்டாமா?" என்று கேட்டார். நான் அதுபற்றி எதையும் படித்திருக்கவில்லை. போடச் சொல்லி ஏதேனும் ஆகிவிட்டால் பழி நம்மீது வருமே என்ற அச்சமும் இருந்தது. "உங்கள் பிள்ளை, உங்கள் விருப்பம்" என்று சொல்லிவிட்டு உள்ளே சென்றுவிட்டேன். என் சொல்லை அவர் மறுப்பாகவே எடுத்துக்கொண்டார். சீட்டு கையொப்பமின்றித் திரும்பிச் சென்றது.

அடுத்த ஆண்டு அச்சிறுவனுக்குத் தட்டம்மை கண்டது. காய்ச்சல் தொடங்கிய முதல் இரண்டு நாட்களும் அவன் மக்தபில் மற்றப் பிள்ளைகளோடு நெருங்கி அமர்ந்து ஓதிக் கொண்டிருந்தான். உடலில் சிவந்த தடிப்புகள் தோன்றுவதற்கு நான்கு நாட்கள் முன்பிருந்தே இந்நோய் பிறரைத் தொற்றத் தொடங்கிவிடும் என்பது அன்று எனக்குத் தெரியாது. பத்து நாட்களில் அவன் குணமடைந்து விளையாடத் தொடங்கினான். ஆனால் அடுத்த வீட்டில் 7 மாதப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. 9 மாதம் நிறையாத காரணத்தால் அதற்கு ஊசி போட்டிருக்கவில்லை. அக்குழந்தைக்குத் தட்டம்மை கண்டு நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. பன்னிரண்டு நாட்கள் மருத்துவமனையில் கிடந்தது. வல்ல நாயன் அதனை மீட்டுத் தந்தான், அல்ஹம்துலில்லாஹ்.

நலம் விசாரிக்கச் சென்ற என் இல்லத்தாரிடம் அக்குழந்தையின் தாய் யாரையும் குறை கூறவில்லை. "ஊசி வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லையே" என்று மட்டும் கூறியிருக்கிறார். அந்தச் சொல் என்னை விட்டு இன்னும் அகலவில்லை. மறுத்தவர் ஒருவர், சுமந்தவர் வேறொருவர். இடையில் வாய்மூடி நின்றவன் நான்.

கொள்ளைநோயும் இரண்டு கட்டளைகளும்

கொள்ளைநோய் பரவியுள்ள ஊருக்குள் செல்லாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது பரவினால் அங்கிருந்து வெளியேறாதீர்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இட்ட கட்டளைகளை நாம் அனைவரும் அறிவோம். இவ்விரண்டையும் சேர்த்துச் சிந்தித்தால் ஒரு நுட்பம் விளங்கும். உள்ளே செல்லாதே என்பது என் உயிரைக் காப்பதற்கு. வெளியேறாதே என்பதோ பெரிதும் பிறருடைய உயிரைக் காப்பதற்கு. நான் நலமாக இருப்பதாகவே எண்ணிக் கொண்டிருக்கலாம். ஆயினும் என்னையறியாமல் நான் சுமந்து செல்வது அடுத்த ஊரானைக் கொன்றுவிடக் கூடும்.

ஹிஜ்ரி 18, அதாவது கி.பி. 639இல் ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. ஷாமை நோக்கிப் பயணம் மேற்கொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃக் என்னுமிடத்தில் இச்செய்தியைக் கேள்வியுற்றார்கள். தோழர்களுடன் கலந்தாலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். இறைவன் விதித்ததிலிருந்து ஓடுகின்றீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்கின்றோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். அபூ உபைதா (ரலி) அவர்கள் தம் படையினருடன் ஷாமிலேயே தங்கி, அந்நோயிலேயே உயிர் நீத்தார்கள். அவர்களுக்குப் பின் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் அதிலேயே மறைந்தார்கள். பின்னர் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் மக்களைச் சிறுசிறு கூட்டங்களாக மலைப்பகுதிகளில் பிரித்து வைத்தார்கள். நோய் தணிந்தது. தவக்குலும் தற்காப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பெரியம்மைக்கும் தட்டம்மைக்கும் உள்ள வேறுபாட்டை விரிவாக எழுதி வைத்தவரும் நம் முன்னோரில் ஒருவரே. ரய் நகரைச் சேர்ந்த மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸீ (இறப்பு கி.பி. 925) இவ்விரு நோய்களைப் பற்றித் தனி நூலே இயற்றினார். அவர் 'ஹஸ்பா' என்று குறிப்பிட்ட அதே தட்டம்மைக்குத்தான் 2017இல் நம் பிள்ளைகளுக்கு ஊசி போட வந்தார்கள்.

இஸ்தான்புல்லிலிருந்து சென்னைக்கு

பெரியம்மை கண்ட பத்துப் பேரில் மூவர் வரை மாண்டனர். பிழைத்தவர்கள் முகமெங்கும் தழும்புகளோடும், சிலர் பார்வை இழந்தும் வாழ்ந்தனர். இந்நோய்க்கு உஸ்மானியப் பேரரசில் ஒரு தடுப்பு முறை வழக்கத்தில் இருந்தது. அம்மைக் கொப்புளத்தின் நீரைச் சிறிதளவு எடுத்து, நலமாயிருப்பவரின் தோலைக் கீறி உள்ளே செலுத்துவார்கள். நோய் இலேசாக வந்து போகும். அதன்பின் ஆயுள் முழுவதும் பெரியம்மை அணுகாது. அங்கு தூதராக இருந்த ஆங்கிலேயரின் மனைவி மேரி வோர்ட்லி மாண்டேகு சீமாட்டி இதனை நேரில் கண்டு 1717இல் தம் நாட்டிற்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு தம் மகனுக்கும் இம்முறையைச் செய்வித்தார். ஐரோப்பாவில் இம்முறை பரவ இதுவும் ஒரு காரணமாயிற்று. தடுப்பு மருந்து நமக்கு எதிராகப் பிறர் செய்த சதி என்போர் இந்த வரலாற்றை அறிந்துகொள்வது நலம்.

1796 மே 14 அன்று எட்வர்ட் ஜென்னர் என்ற ஆங்கில மருத்துவர் மாட்டம்மைக் கொப்புள நீரைக் கொண்டு எட்டு வயதுச் சிறுவனுக்கு அம்மை குத்தினார். பழைய முறையில் குத்தப்பட்டவர்களிடமிருந்து பிறருக்குப் பெரியம்மை பரவும் ஆபத்து இருந்தது. இதில் அந்த ஆபத்து இல்லை. 1802 ஜூன் 14இல் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு இந்தியாவின் முதல் அம்மைக் குத்து நடந்தது. அவ்வாண்டிலேயே அம்மைப்பால் சென்னைக்கும் வந்து சேர்ந்தது.

மக்கள் அதனை எளிதில் ஏற்கவில்லை. ஒருவர் கையிலிருந்து எடுத்த நீரை மற்றொருவர் கையில் ஏற்றும் முறை அன்றிருந்தது. அருவருப்பும் வலியும் இருந்தன. ஆட்சியாளர் அந்நியர் என்ற ஐயமும் உடன் சேர்ந்துகொண்டது. 1884இல் சென்னை மாகாண அம்மை குத்தும் சட்டம் வந்தது. சென்னை நகரிலும், சட்டம் விரிவுபடுத்தப்பட்ட நகராட்சிகளிலும் குழந்தைகளுக்கு அம்மை குத்துவது கட்டாயமாயிற்று. மீறிய பெற்றோருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 1899இல் கிண்டியில் நிறுவப்பட்ட கிங் நிலையம் கன்றுகளைக் கொண்டு தூய அம்மைப்பால் தயாரித்தது. சட்டம் வந்தும், மருந்து கைவசம் இருந்தும், இந்தியாவில் பெரியம்மை ஒழிய 1975 வரை ஆயிற்று. தாமதத்திற்குக் காரணங்கள் பல. ஆயினும் அபராதத்தால் கையை நீட்ட வைக்க முடிந்ததே தவிர, நம்பிக்கையை உண்டாக்க இயலவில்லை என்பதை மறுப்பதற்கில்லை.

நம் மாவட்டத்தில் எழுந்த கேள்வி

ஐயம் கொள்வதே குற்றம் என்று கூற நான் முன்வரவில்லை. நம் மாவட்ட வரலாறே அதற்குச் சான்று.

காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி 1948 முதல் நம் நாட்டில் போடப்பட்டது. அதற்கான மருந்து கிண்டியில் தயாராயிற்று. 1954 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த இராஜாஜி அவர்கள், 1955இல் இதனை எதிர்த்து வெளிப்படையாக எழுதினார். சிறுநூல் ஒன்றும் வெளியிட்டார். பயன் உறுதியாக நிறுவப்படாத மருந்தை நலமாயிருக்கும் இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் செலுத்தலாமா என்பது அவருடைய வாதம். அரசும் மருத்துவர்களும் அவருக்கு மறுப்பு எழுதினர்.

இக்கேள்விக்கு விடை காணும் பெரும் ஆய்வு, காஞ்சிபுரமும் அடங்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1968இல் திருவள்ளூர் வட்டாரக் கிராமங்களில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான மக்களைக் கொண்டு இதனைத் தொடங்கியது. சிலருக்கு உண்மை மருந்து, சிலருக்கு வெறும் திரவம். யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பதே முடிவு. அம்முடிவை மறைக்காமல் உலகறிய வெளியிட்டனர். அதேவேளை, பச்சிளங்குழந்தைகளைத் தாக்கும் காசநோய் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைகளிலிருந்து அது காப்பாற்றுகிறது என்பது பிற ஆய்வுகளால் உறுதியாயிற்று. அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்கு அதனைப் போடுகின்றனர். இராஜாஜியின் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் அதற்கு விடை தந்தது பொறுமையான ஆய்வு.

அரசின் பக்கத்திலும் பொறுப்பு உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் சிறிது நேரத்திலேயே இறந்தன. அத்தாய்மார்களின் துயரை எந்த வாதத்தாலும் ஆற்றிவிட முடியாது. கோடிக்கணக்கானோருக்குப் பாதுகாப்பாக இருந்துவரும் மருந்தாயினும், கையாளுவதில் நேரும் ஒரு பிழை உயிரைப் பறித்துவிடும். மருத்துவரின் மேற்பார்வை, ஊசிக்குப் பின் அரை மணி நேரக் காத்திருப்பு, ஏதேனும் நேர்ந்தால் உண்மையைச் சொல்லும் நேர்மை ஆகியவற்றைக் கேட்டுப் பெறுவது பெற்றோரின் உரிமை. கேட்பது வேறு, கேட்காமலே கதவைச் சாத்திக்கொள்வது வேறு.

மெர்க்கா நகரின் சமையற்காரர்

மறுப்பின் வரலாற்றில் நான் மிகவும் சிந்தித்த மனிதர் சோமாலியா நாட்டு மெர்க்கா நகரைச் சேர்ந்த அலி மாவ் மாலின் என்பவர். மருத்துவமனையில் சமையற்காரர். 23 வயது வாலிபர். மருத்துவமனை ஊழியர் அனைவரும் அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஊசி வலிக்கும் என்ற அச்சத்தால் அவர் தட்டிக்கழித்து வந்தார்.

1977 அக்டோபர் 12 அன்று, பெரியம்மை கண்ட இரு குழந்தைகளை ஏற்றிவந்த வாகனம் அவருடைய மருத்துவமனைக்கு வந்தது. நோயாளிகளைத் தனிமைப்படுத்தும் முகாமுக்கு வழி கேட்டனர். நல்ல மனதோடு அவர் வாகனத்தில் ஏறி வழி காட்டினார். சில நிமிடப் பயணம்தான். அக்குழந்தைகளில் ஆறு வயதுச் சிறுமி இரண்டு நாட்களில் இறந்தாள். அம்மாத இறுதியில் மாலினுக்கு அம்மை கண்டது. முதலில் மலேரியா என்றும் பின்னர் சின்னம்மை என்றும் கருதினர். அந்நாட்களில் அவரைக் காண வந்து போனவர்கள் பலர். உண்மை தெரிந்தவுடன் அவரோடு தொடர்பு கொண்டவர்களைத் தேடித் தேடிக் கண்டுபிடித்தனர். இரண்டே வாரங்களில் மெர்க்கா நகரிலும் சுற்றுப்புறத்திலும் சுமார் 55 ஆயிரம் பேருக்கு அம்மை குத்தினர். ஒருவர் தவிர்த்த ஓர் ஊசிக்கு ஈடாக ஐம்பத்தைந்தாயிரம் ஊசிகள்! இறையருளால் வேறெவருக்கும் நோய் பரவவில்லை. மாலினும் பிழைத்தார். இயற்கையாகப் பெரியம்மை கண்ட உலகின் கடைசி மனிதர் அவரே. 1980 மே 8ஆம் நாள் பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

அவருடைய பிற்காலமே எனக்குப் பெரும் படிப்பினை. சோமாலியாவில் இளம்பிள்ளை வாத ஒழிப்புப் பணி நடந்தபோது மாலின் அதில் தொண்டராகச் சேர்ந்தார். சொட்டு மருந்து வேண்டாமென்ற பெற்றோரிடம் சென்று, தாம் அஞ்சியதையும் அதனால் நேர்ந்ததையும் மறைக்காமல் எடுத்துரைத்தார். 2013இல் அந்நோய் மீண்டும் தலைகாட்டியபோதும் களத்திற்குச் சென்றார். அப்பணியில் இருக்கும்போதே மலேரியா கண்டு, அவ்வாண்டு ஜூலை 22இல் மறைந்தார். தவறு செய்தவன் அதனை மறைப்பது மனித இயல்பு. அவர் அதனையே பிறரைக் காக்கும் கருவியாக்கினார். தவ்பாவுக்குப் பின் செயல் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதை அங்கே காண்கிறேன்.

கானோவும் இந்தோனேசியாவும்

2002இல் இந்தியாவில் 1,600 குழந்தைகள் இளம்பிள்ளை வாதத்தால் முடங்கினர். அவர்களில் 1,242 பேர் உத்தரப் பிரதேசத்தினர். மக்கள்தொகை விகிதத்தை விடக் கூடுதலாக அதில் முஸ்லிம் குழந்தைகள் இருந்தனர். சொட்டு மருந்து மலடாக்கும் என்ற வதந்தி அங்கும் உலவியது. 2017இல் நாம் கைபேசியில் கேட்ட அதே வதந்தி! பின்னர் உலமாக்கள் முன்வந்தனர். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமிஆ மில்லியாவும் துணை நின்றன. பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் சொட்டு மருந்து நாளை அறிவித்தன. 2009இல் 741ஆக இருந்த எண்ணிக்கை 2010இல் 42ஆகக் குறைந்தது. 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தின் ஹவுராவில் சொட்டு மருந்து பெறாத ஒரு சிறுமியோடு அது முடிவுற்றது. 2014 மார்ச் 27இல் நம் நாடு அந்நோயற்ற நாடாகச் சான்று பெற்றது.

ஆப்பிரிக்காவில் நேர்ந்தது வேறு. நைஜீரியாவின் கானோ மாநிலம், அதே ஐயத்தால் 2003இல் சொட்டு மருந்தை நிறுத்தியது. முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரான மருந்து வந்தபின், 2004 ஜூலையில்தான் மீண்டும் தொடங்கியது. அதற்குள் நைஜீரியாவில் பெருகிய கிருமி எல்லை தாண்டிவிட்டது. பல ஆப்பிரிக்க நாடுகளைக் கடந்து 2005இல் அது எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? பத்தாண்டுகளாக அந்நோயே இல்லாதிருந்த இந்தோனேசியாவுக்கு! மேற்கு ஜாவாவில் தொடங்கி 300க்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கு முடங்கினர். கானோவில் மறுத்தவர்களுக்கு ஜாவாவின் அக்குழந்தைகள் யாரென்றே தெரியாது. மறுத்தவர்களின் ஐயத்தைத் தீர்க்க மருந்து அனுப்பிய நாட்டின் பிள்ளைகளே அம்மறுப்பின் விலையைக் கொடுத்தனர்.

நம் அண்டை மாநிலத்திலும் பாடம் உண்டு. 2015, 2016 ஆண்டுகளில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் தொண்டை அடைப்பான் நோயால் தடுப்பூசி பெறாத பிள்ளைகள் இறந்தனர். கல்வியில் முன்னேறிய மாவட்டம் அது. அறியாமை மட்டுமே மறுப்புக்குக் காரணம் என்று கூறிவிட முடியாது.

ஹலாலா, ஹராமா?

சில தடுப்பூசிகளில் சேர்க்கப்படும் ஜெலட்டின் பற்றி நம் சகோதரர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. 1995இல் குவைத் இஸ்லாமிய மருத்துவ அறிவியல் நிறுவனம் கூட்டிய அறிஞர் அவை, ஒரு பொருள் தன் இயல்பு முற்றிலும் மாறி வேறு பொருளாகிவிட்டால் சட்டமும் மாறும் என்ற இஸ்திஹாலா விதியின் கீழ் இதனை ஆராய்ந்து அனுமதித்தது. 2018இல் இந்தோனேசிய உலமா சபை இன்னும் கண்டிப்பான நிலையை எடுத்தது. தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசித் தயாரிப்பில் பன்றிப் பொருள் பயன்பட்டுள்ளதால் அது ஹராமே என்றது. ஆயினும் மாற்று மருந்து இல்லாத நிலையில், போடாவிட்டால் விளையும் கேட்டை மருத்துவர்கள் விளக்கியதை ஏற்று, ளரூரத் அடிப்படையில் பயன்படுத்தலாம் என ஃபத்வா வழங்கியது. இரு அவைகளும் வெவ்வேறு வழியில் சென்றன. போய்ச் சேர்ந்த இடம் ஒன்றே.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1987ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மூளைக்காய்ச்சல் பரவியதைத் தொடர்ந்து, ஹாஜிகள் அதற்கான தடுப்பூசி போட்டிருக்க வேண்டுமென சவூதி அரசு விதித்தது. நம் மஹல்லாவிலிருந்து செல்லும் ஹாஜிகள் அதனை மகிழ்ச்சியோடு போட்டுக்கொள்கிறார்கள். கஅபாவைச் சுற்றும் இலட்சக்கணக்கானோருக்கு நம்மால் தீங்கு நேரக்கூடாது என்பதில் நமக்கு ஐயமில்லை. அடுத்த வீட்டுத் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் அதே உரிமை உண்டல்லவா?

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

1902இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் பெரியம்மை பரவியது. ஹென்னிங் ஜேக்கப்சன் என்ற கிறிஸ்தவ மதபோதகர் அம்மை குத்திக்கொள்ள மறுத்தார். அபராதம் 5 டாலர். அவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். பொது நலனுக்காகத் தனிமனித உரிமையை ஓரளவு கட்டுப்படுத்தலாம் என்று 1905இல் தீர்ப்பாயிற்று. அபராதத்தைச் செலுத்தியதோடு விவகாரம் முடிந்தது.

கொரோனா காலத்திற்குப் பின், 2022 மே 2ஆம் நாள் நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் இதனைப் பற்றித் தீர்ப்பளித்தது. எவரையும் வற்புறுத்தித் தடுப்பூசி போட இயலாது. தன் உடலின் மீதான உரிமை அரசியல் சட்டம் காக்கும் உரிமை என்றது. அதேவேளை, பிறருக்கு நோய் பரவும் ஆபத்து இருக்கும்போது, பொது நலன் கருதி நியாயமான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்றும் கூறியது.

ஆக, மறுப்பதற்கான உரிமையைச் சட்டம் நமக்குத் தருகிறது. ஆனால் சட்டத்தின் கணக்கு 5 டாலரோடு முடிந்துவிடும். மறுமையின் கணக்கு அவ்வாறு முடியாது. இறைவனுக்குச் செய்யவேண்டிய கடமையில் குறை வைத்தால் அவனிடம் மன்னிப்புக் கேட்கலாம். ஹக்குல் இபாத் எனப்படும் மனிதரின் உரிமையில் குறை வைத்தால், பாதிக்கப்பட்டவர் மன்னிக்க வேண்டும். கடன்பட்டவனுக்குத் தன் கடன்காரன் யாரென்று தெரியும். தேடிச் சென்று மன்னிப்புக் கேட்கலாம். நோயைக் கடத்தியவனுக்கோ, தன் மூச்சு எந்தத் தொட்டிலை எட்டியது என்பதே தெரியாது. யாரிடம் சென்று மன்னிப்புக் கேட்பான்? தடுப்பூசியை மறுப்பவர் எண்ணிப் பார்க்க வேண்டியது இதனைத்தான்.

நாம் செய்ய வேண்டுவது

தட்டம்மை கண்ட ஒருவர், எதிர்ப்புச் சக்தியற்ற கூட்டத்தில் சராசரியாகப் பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்கு அதனைக் கடத்துவார். அவர் எழுந்து சென்றபின்னும் இரண்டு மணி நேரம் வரை அக்காற்றில் கிருமி நிற்கும். இதனால்தான் நூற்றில் தொண்ணூற்றைந்து பேராவது இரண்டு தவணை ஊசி போட்டிருக்க வேண்டும் என்கின்றனர். அந்தத் தொண்ணூற்றைந்து பேரின் அரணுக்குள் ஊசி போட இயலாத பச்சிளங்குழந்தையும், புற்றுநோய் சிகிச்சை பெறும் நோயாளியும் பாதுகாப்பாக இருப்பர். தறியில் அமர்ந்தோர் நிறைந்த ஊர் நம் ஊர். பாவில் ஓர் இழை அறுந்தால் உடனே முடிச்சிடாமல் எவரும் மேலே நெய்வதில்லை. ஓர் இழைதானே என்று விட்டால் குறை சேலையின் நீளம் முழுவதும் ஓடும் என்பதை நெசவாளிக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

நிர்வாகக் குழுவினரிடம் நான் மூன்று வேண்டுகோள்களை வைத்துள்ளேன். மக்தபில் பிள்ளைகளைச் சேர்க்கும்போது தடுப்பூசி அட்டையைப் பார்த்து, விடுபட்ட தவணை இருந்தால் பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளையையும் இதன் பொருட்டுத் திருப்பி அனுப்பலாகாது. பெற்றோரின் தவறுக்குப் பிள்ளையைத் தண்டிப்பது நீதியன்று. காய்ச்சலோடு வரும் பிள்ளையை அன்போடு வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். ஆண்டுக்கொரு முறை ஜும்ஆவுக்குப் பின் அரசு மருத்துவர் ஒருவரை அழைத்து, ஆண்களும் பெண்களும் தங்கள் ஐயங்களைக் கூச்சமின்றிக் கேட்க வழி செய்ய வேண்டும்.

நான்காவது எனக்கு நானே இட்டுக்கொண்டது. இனி எவரேனும் சீட்டை நீட்டிக் கேட்டால், "உங்கள் விருப்பம்" என்று சொல்லிவிட்டு நான் உள்ளே செல்ல மாட்டேன். அமர வைத்து, எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததற்கு மருத்துவரிடம் நானே உடன் செல்வேன். அன்று சீட்டை நீட்டிய சகோதரரிடம் இதனைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவரும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, அக்குழந்தையின் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டார். அவர்கள் மன்னித்தார்கள். அவர் அதிர்ஷ்டசாலி, எந்தக் கதவைத் தட்ட வேண்டுமென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வல்ல ரஹ்மான் நம் குழந்தைச் செல்வங்களையும் நம் அண்டை வீட்டாரின் குழந்தைகளையும் நோய்நொடிகளிலிருந்து காத்தருள்வானாக! நம்மால் பிறருக்குத் தீங்கு நேராத வாழ்வை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.